நீங்கள் தட்டும் கடவுத்தொடர் எங்கே போகிறது?

லினக்ஸ் கணினியை முதன்முதலாகத் தொடும் மாணவர்கள் பலருக்கும் ஒரு சின்னக் குழப்பம் வரும். கறுப்புத் திரையில் கணினி கடவுச்சொல் கேட்கிறது. நீங்கள் தட்டுகிறீர்கள். திரையில் எழுத்தும் வருவதில்லை, புள்ளியும் வருவதில்லை, நட்சத்திரக் குறிகூட வருவதில்லை. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று கம்பியைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பார்ப்பவர்களும் உண்டு. கெடவில்லை, மாணவர்களே. தட்டிய ஒவ்வோர் எழுத்தும் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் நிற்பவர் எத்தனை எழுத்து என்றுகூட எண்ணிவிடக் கூடாது என்றுதான் திரை சும்மா இருக்கிறது.

போய்ச் சேர்ந்தது சரி, எங்கே சேர்ந்தது? கணினி உங்கள் மேசைமேல் இருந்தால் பதில் எளிது. அது பல கிலோமீட்டர் தள்ளி, பூட்டிய அறை ஒன்றில் இருந்தால் அந்த எழுத்துகள் எந்த வழியாகப் போகின்றன, வழியில் யார் பார்க்கலாம், போய்ச் சேர்ந்த இடத்தில் யார் பார்க்கலாம்? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் இரகசியத்தைத் தட்டக் கூடாது.

கூலிம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இது எங்கோ நடக்கும் கதை அல்ல. 1996-ல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இன்டெல், இன்பினியோன், சில்டெரா போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இருக்கின்றன. சில்லு செய்யும் ஆலை இரவு பகலாக ஓடும். அப்படிப்பட்ட இடங்களில் கணக்கையும் வரைபடங்களையும் வைத்திருக்கும் சர்வர் கணினிகளின் முன்னால் யாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதில்லை. சர்வர் பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் உலகெங்கும் தொலைவிலிருந்துதான் அதைச் செய்கிறார்கள். நாளைக்கு லூனாசிலோ பாடாங் செராயிலோ உங்கள் வீட்டு மேசையிலிருந்து நீங்களும் செய்யக்கூடும். பள்ளிக் கணினிக் கழகத்தில் ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் இப்போதே செய்துகொண்டிருப்பீர்கள்.

வழியில் ஒட்டுக்கேட்பவர்

தொலைவிலுள்ள கணினியை எழுத்துத் திரை வழியாக இயக்கும்போது, நீங்கள் ஒரு விசையைத் தட்டியதும் அந்த ஒரே எழுத்து சிறு பொட்டலமாக இணையத்தில் ஏறிப் போகிறது. சர்வர் அதை வாங்கிக்கொண்டு, திரையில் காட்டுவதற்காக அதே எழுத்தைத் திருப்பி அனுப்புகிறது. உங்கள் திரையில் தெரியும் ஒவ்வோர் எழுத்தும் ஒரு முறை போய் வந்த எழுத்து. கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் மட்டும் சர்வர் திருப்பி அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறது. அதனால்தான் திரை காலியாக இருக்கிறது.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு டெல்நெட் என்ற முறை இருந்தது. அது எழுத்துகளை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே அனுப்பும். தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, சம்பளப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்று ஒருவர் உரக்கக் கூவிச் சொன்னால் எப்படி இருக்கும்? டெல்நெட்டில் கடவுச்சொல் தட்டுவது அப்படித்தான். 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒருவர் ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்து ஏராளமான கடவுச்சொற்களைத் திரட்டிவிட்டார். அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனன் அதற்குப் பதிலாக, அதே ஆண்டு ஜூலை மாதம் எஸ்எஸ்எச் என்ற நிரலை எழுதி வெளியிட்டார். சர்வருக்குள் நுழைய ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் எண் வேண்டும். கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று இருந்தது. நடுவில் 22 காலியாக இருப்பதைப் பார்த்துக் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். இன்றும் எஸ்எஸ்எச்சின் வாசல் 22தான்.

எஸ்எஸ்எச் வந்தபின் வழியில் போகும் பொட்டலங்கள் எல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டவை. நடுவில் பிடித்துப் பார்ப்பவருக்கு வெறும் குப்பை எழுத்துகள்தான் கிடைக்கும். அதோடு இன்னொரு வசதியும் வந்தது. கடவுச்சொல்லே இல்லாமல், சாவியைக் காட்டி உள்ளே போகலாம்.

சாவிக்கே ஒரு பூட்டு

இங்கே சாவி என்பது இரும்பு அல்ல, கணக்கு. உங்கள் கணினி இரண்டு சாவிகளை ஒரே நேரத்தில் உருவாக்குகிறது. ஒன்று அந்தரங்கச் சாவி, அது உங்களிடமே இருக்கும். மற்றது பொதுச் சாவி, அதைச் சர்வரில் வைக்கிறீர்கள், யார் பார்த்தாலும் நட்டமில்லை. நீங்கள் உள்ளே போகும்போது, அந்த ஒரு தொடர்புக்கு மட்டுமே உரிய புதிய எண் ஒன்று உருவாகிறது. உங்கள் கணினி அந்தரங்கச் சாவியால் அதில் கையொப்பமிடுகிறது. சர்வர் பொதுச் சாவியைக் கொண்டு கையொப்பம் உண்மையா என்று சரிபார்க்கிறது. சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை.

ஆனால் அந்தரங்கச் சாவியும் வட்டில் கிடக்கும் ஒரு சிறு கோப்புத்தான். மடிக்கணினி திருடு போனாலோ, யாராவது தம்ப் டிரைவில் படி எடுத்துக்கொண்டாலோ சாவியும் போய்விடும். அதனால் அந்தக் கோப்பையும் பூட்டி வைக்கிறோம். அதைத் திறக்கும் நீண்ட இரகசிய வரிதான் கடவுத்தொடர். ஒரு சொல்லாக இல்லாமல் பல சொற்கள் கோத்தது என்பதால் இந்தப் பெயர்.

இங்கேதான் பலரும் கவனிக்காத வேறுபாடு இருக்கிறது. கடவுச்சொல் சர்வருக்குப் போகிறது. கடவுத்தொடர் எங்கேயும் போக வேண்டியதில்லை. அது உங்கள் கணினியிலேயே சாவிக் கோப்பைத் திறக்கிறது, அத்துடன் அதன் வேலை முடிந்தது. லூனாஸில் உட்கார்ந்து நீங்கள் தட்டும் கடவுத்தொடர் லூனாஸைத் தாண்டுவதே இல்லை.

சாவியும் அங்கேயே இருந்தால்தான் இது பொருந்தும். பலர் வசதிக்காகச் சாவிக் கோப்பைச் சர்வரிலேயே வைத்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து முதல் சர்வருக்குப் போகிறார்கள், அங்கிருந்து இரண்டாவது சர்வருக்குப் போக முதல் சர்வரில் இருக்கும் சாவியைப் பயன்படுத்துகிறார்கள். திரை அதே கறுப்புத் திரை. கேள்வியும் அதே கேள்வி: கடவுத்தொடரைத் தட்டுக. ஆனால் இம்முறை கேட்பது உங்கள் கணினி அல்ல, முதல் சர்வர். எழுத்துகள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டன. கேட்பவர் யார் என்பதைத் திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நீங்களாகத்தான் யோசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறியாக்கம் இருக்கிறதே, போனால் என்ன என்று கேட்கலாம். 2001-ல் அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் டான் சாங், டேவிட் வாக்னர், சூசிங் தியான் ஆகிய மூவர் ஒரு வேடிக்கையான பலவீனத்தைக் காட்டினார்கள். பொட்டலத்துக்குள் என்ன எழுத்து என்று தெரியாவிட்டாலும், எப்போது புறப்பட்டது என்பது தெரியும் அல்லவா? விசைக்கு ஒரு பொட்டலம். இரண்டு பொட்டலங்களுக்கு இடையிலுள்ள நேரம், இரண்டு விசைகளுக்கு இடையில் உங்கள் விரல் எடுத்துக்கொண்ட நேரம்.

பத்து விரலாலும் தட்டத் தெரிந்தவர்கள் இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஆங்கில விசைப்பலகையில் 'கெடா' என்ற ஊர்ப் பெயரைத் தட்டுங்கள். முதல் எழுத்தான 'கே' வலது கையில், அடுத்து வரும் 'ஈ' இடது கையில். ஒரு கை தட்டும்போதே மறு கை தயாராகிவிடும், அதனால் வேகம். அதற்கடுத்த 'டி'க்கோ, 'ஈ'யைத் தட்டிய அதே இடது நடுவிரல்தான் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். கொஞ்சம் தாமதம். 'கூலிம்' என்று தட்டினால் இன்னொரு விசித்திரம்: ஐந்து எழுத்துகளும் வலது கைக்கே வருகின்றன. இப்படி ஒவ்வோர் எழுத்து இணைக்கும் ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தைக் கேட்டே கடவுச்சொல்லைத் தேடும் வேலையை ஏறக்குறைய 50 மடங்கு குறைக்க முடியும் என்று அந்த மூவர் கணக்குக் காட்டினார்கள்.

நுழையும்போது முதலில் தட்டும் கடவுச்சொல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதை உங்கள் கணினி முழுதாகச் சேர்த்து வைத்து ஒரே பொட்டலமாக அனுப்பும். உள்ளே போனபிறகு தட்டும் கடவுத்தொடர்தான் எழுத்து எழுத்தாகப் போகிறது. அதோடு அன்று சர்வர் அந்த நேரத்தில் எதையும் திருப்பி அனுப்பியதில்லை. ஒட்டுக்கேட்பவருக்கு அதுவே துப்பாக இருந்தது: போகும் பொட்டலங்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, திரும்பி வருபவை இல்லை, எனவே இப்போது இரகசியம் தட்டப்படுகிறது! உங்களைப் பாதுகாக்க வைத்த மௌனமே காட்டிக்கொடுத்தது. தாளத்தை மறைக்கும் மருந்து வர வெகுகாலம் ஆயிற்று. 2023 அக்டோபரில் வெளிவந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.5 பதிப்பில் அறிமுகமான வசதி, நீங்கள் எந்தத் தாளத்தில் தட்டினாலும் பொட்டலங்களை 20 மில்லிநொடிக்கு ஒன்று என்று ஒரே சீராக அனுப்புகிறது. நீங்கள் நிறுத்தியபின்னும் சிறிது நேரம் போலிப் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்பிக் குழப்புகிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பித்துக்கொள்வது நல்லது.

போய்ச் சேர்ந்த இடம்

உண்மையைச் சொன்னால், தாளத்தை ஒட்டுக்கேட்கும் திருடர்களைவிடச் சர்வருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் திருடர்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். குறியாக்கம் வழியைத்தான் காக்கும். சர்வரைச் சேர்ந்ததும் உங்கள் எழுத்துகள் உறையைப் பிரித்த கடிதம்தான். கடவுத்தொடரும் அதனால் திறக்கப்பட்ட சாவியும் அந்தச் சர்வரின் நினைவகத்தில் சற்று நேரமாவது வெளிப்படையாக இருந்தே ஆக வேண்டும். சர்வரின் முழு அதிகாரம் வைத்திருப்பவர், அவர் நல்ல நிர்வாகியாக இருந்தாலும் அந்த அதிகாரத்தைத் திருடியவராக இருந்தாலும், அதைப் பார்க்கலாம்.

இது நடந்திருக்கிறது, அதுவும் லினக்ஸின் தாய்வீட்டிலேயே. லினக்ஸ் கருநிரல் வெளியிடப்படும் கெர்னல்.ஆர்க் தளத்தின் சர்வர்களுக்குள் யாரோ புகுந்திருப்பது 2011 ஆகஸ்டு 28-ஆம் தேதி தெரியவந்தது. புகுந்தவர்கள் அங்கிருந்த எஸ்எஸ்எச் நிரல்களையே மாற்றி வைத்து, பயனர்கள் செய்ததையெல்லாம் பதிவுசெய்துகொண்டிருந்தார்கள். வாயிற்காவலரே திருடனின் ஆளாக மாறிவிட்டால் பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்து என்ன பயன்? அந்தச் சர்வர்களைப் பயன்படுத்திய 448 பேரும் தங்கள் எஸ்எஸ்எச் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்கும் மேல் அந்தச் சேவைகள் முடங்கிக் கிடந்தன.

பின்னர் 2014-ல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'எபரி' என்ற தீநிரலைப் பற்றி விரிவாக எழுதியது. எபரி சர்வரின் எஸ்எஸ்எச்சுக்குள் ஒட்டிக்கொண்டு, உள்ளே வருபவர்களின் கடவுச்சொற்களையும், அங்கிருந்து வேறு இடம் போகிறவர்களின் சாவிகளையும் கடவுத்தொடர்களையும் சுருட்டும். ஒரு சர்வரில் கிடைத்த சாவி அடுத்த சர்வரைத் திறக்கும், அங்கே கிடைத்தது அதற்கடுத்ததை. 2009 முதல் ஏறக்குறைய 4 லட்சம் சர்வர்களை அது தொற்றியிருக்கிறது என்று அதே நிறுவனம் 2024-ல் கணக்குச் சொன்னது.

ஆகவே இரண்டாவது சர்வருக்குப் போக வேண்டியிருந்தால் முதல் சர்வரில் சாவியை வைக்காதீர்கள். ஓபன்எஸ்எஸ்எச்சில் 2016 முதல் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. முதல் சர்வர் வெறும் பாலமாக நிற்கும். உங்கள் கணினிக்கும் இரண்டாவது சர்வருக்கும் இடையில் குறியாக்கம் செய்த பொட்டலங்கள் அதன் வழியாகக் கடந்துபோகும், அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. சாவியும் கடவுத்தொடரும் வீட்டிலேயே இருக்கும்.

ஏஜென்ட் என்று இன்னொரு வழியும் உண்டு. இது தோட்டத்து ஆபீஸ் கிராணியைப் போன்றது. காலையில் ஒருமுறை கடவுத்தொடரைச் சொன்னால், கிராணி முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் நீட்டும் காகிதங்களுக்கெல்லாம் குத்திக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் கடவுத்தொடர் தட்ட வேண்டாம். இந்தக் கிராணியைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பி வைக்கவும் முடியும். அப்போது முத்திரை களவு போகாது. ஆனால் நீங்கள் தொடர்பில் இருக்கும்வரை, அந்தச் சர்வரில் அதிகாரம் உள்ள வேறொருவர் தன் காகிதத்தையும் நீட்டி முத்திரை வாங்கிக்கொள்ளலாம். முழுதாக நம்பாத சர்வருக்குக் கிராணியை அனுப்பாமல் இருப்பதே மேல்.

முத்திரை என்பது இங்கே வெறும் உவமை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1997-லேயே மின்னியல் கையொப்பத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. உரிமம் பெற்ற அமைப்பு சான்றளித்த சாவியால் இடும் கையொப்பம், பேனாவால் இடும் கையொப்பத்துக்குச் சமம். உங்கள் சாவியைத் திறக்க முடிந்தவர் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட முடிந்தவர்.

மின்சாரம் போய் வந்த சர்வர்

சில சமயம் கடவுத்தொடரைத் தொலைவிலிருந்து தட்டியே தீர வேண்டும், வேறு வழி இருக்காது. பள்ளியிலுள்ள சர்வரின் வட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடி மின்னலில் மின்சாரம் போய்த் திரும்ப வருகிறது. சர்வர் எழுந்திருக்கப் பார்க்கிறது. ஆனால் வட்டைத் திறந்தால்தானே எழ முடியும்? கடவுத்தொடரைக் கேட்டபடி பாதியிலேயே நிற்கிறது. எஸ்எஸ்எச்சும் அந்தப் பூட்டிய வட்டுக்குள்ளேதான் இருக்கிறது. பள்ளி விடுமுறை, சாவி வைத்திருக்கும் ஆசிரியர் அலோர் ஸ்டாரில்.

இந்தச் சிக்கலுக்கென்றே, வட்டின் பூட்டாத ஒரு சிறு மூலையில் ஒரு குட்டி எஸ்எஸ்எச் நிரலை வைக்கிறார்கள். பெரும்பாலும் பயன்படுவதன் பெயர் டிராப்பேர். மரத்திலிருந்து ஆள்மேல் குதிக்கும் என்று சொல்லி ஆஸ்திரேலியர்கள் சுற்றுலாப் பயணிகளைப் பயமுறுத்தும் ஒரு கற்பனைக் கரடியின் பெயர் அது. ஆசிரியர் அந்தக் குட்டி நிரலோடு தொடர்புகொண்டு கடவுத்தொடரைத் தட்டுவார், வட்டு திறக்கும், சர்வர் முழுதாக எழும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: கடவுத்தொடரைக் கேட்பது நம் சர்வர்தானா? எஸ்எஸ்எச்சில் ஒவ்வொரு சர்வருக்கும் சொந்தச் சாவி உண்டு. அதன் சுருக்கத்தைக் கைரேகை என்பார்கள், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. முதல்முறை தொடர்புகொள்ளும்போது உங்கள் கணினி கைரேகையைக் காட்டி, "இந்தச் சர்வரை எனக்குத் தெரியாது, தொடரட்டுமா?" என்று கேட்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வாசிக்காமலே 'யெஸ்' என்று தட்டுவார்கள் என்று பந்தயம் கட்டலாம். நீங்கள் அந்த நூறாவது ஆளாக இருங்கள். சர்வர் அருகில் இருக்கும்போதே கைரேகையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னொரு நாள் "கைரேகை மாறிவிட்டது" என்று எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியும்வரை எதையும் தட்டாதீர்கள். குட்டி நிரலுக்கும் பெரிய எஸ்எஸ்எச்சுக்கும் வெவ்வேறு கைரேகை இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டையும் எழுதி வைத்திருந்தால் குழப்பம் இல்லை.

அப்படியும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. குட்டி நிரல் இருப்பது பூட்டாத மூலையில். சர்வர் அறைக்குள் நுழைந்து வட்டைக் கழற்றக்கூடிய ஒருவர், அந்த நிரலை மாற்றி வைத்து, அடுத்த முறை வரும் கடவுத்தொடரைக் குறித்துக்கொள்ளச் செய்யலாம். அதன் சாவியும் அதே மூலையில் இருப்பதால் கைரேகைகூடச் சரியாகவே இருக்கும். வட்டு திருடு போனால், பழைய வட்டைக் குப்பையில் போட்டால், தரவு வெளியே போகாது. அந்த அளவுக்கு இந்த ஏற்பாடு போதும், பள்ளிக்கு அது தாராளம். பெரிய இரகசியங்கள் உள்ள இடமென்றால் யாராவது வண்டி எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பதே சரி.

உங்கள் மேசை

வழியைப் பார்த்தோம், சேருமிடத்தைப் பார்த்தோம். புறப்படும் இடம் மிச்சம். உங்கள் விரலுக்கும் கணினிக்கும் நடுவிலேயே ஒரு திருடன் இருந்தால், குறியாக்கம் தொடங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் 2019-ல் இந்த விஷயத்தில் அடிபட்டது. அக்டோபர் 29-ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே அதுபற்றிய தகவல் வந்திருந்தது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பிலிருந்த கணினி அது, உலையை இயக்கும் அமைப்புகள் தனியாக இருப்பதால் பாதிக்கப்படவில்லை என்று கழகம் விளக்கியது. ஆய்வாளர்கள் அடையாளம் கண்ட அந்தத் தீநிரலின் பெயர் டிட்ராக். விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவுசெய்வது அதன் திறமைகளில் ஒன்று. அப்படியொரு கணினியில் எத்தனை நீளமான கடவுத்தொடரைத் தட்டினாலும் அது அப்படியே எதிரியின் கையில். கைப்பேசிக் கடையிலோ நூலகத்திலோ உள்ள பொதுக் கணினியில் கடவுத்தொடர் தட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். வங்கி அட்டைக்கு வெறும் 6 இலக்க இரகசிய எண் போதும் என்கிறார்கள், சாவிக்கு மட்டும் ஏன் நீண்ட தொடர்? 6 இலக்கத்தில் இருப்பது 10 லட்சம் வாய்ப்புகள்தான். ஆனால் அட்டையில் உள்ள சில்லு எண்ணிக்கொண்டிருக்கிறது. சில முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். சாவிக் கோப்பு எண்ணுவதில்லை. திருடியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இஷ்டம்போல் முயலலாம். கடவுத்தொடரைச் சரிபார்க்கும் கணக்கை வேண்டுமென்றே மெதுவாகத்தான் அமைத்திருக்கிறார்கள். நொடிக்கு ஆயிரம் முயற்சிகள் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சமும் 17 நிமிடத்தில் முடிந்துவிடும்.

எட்டு சிறிய ஆங்கில எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால்? அதே வேகத்தில் ஆறரை ஆண்டுக்கு மேல். நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் திருடர் ஆயிரம் கணினிகளை வாடகைக்கு எடுத்தால் இரண்டரை நாள். இதற்கு அர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் 1995-ல் சொன்ன வழி தாயக்கட்டை விளையாடுவது போன்றது. 7776 சொற்கள் கொண்ட பட்டியல். ஏன் இந்த விசித்திர எண்? ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் வரக்கூடிய விடைகள் 7776. உருட்டுங்கள், அந்த எண்ணுக்குரிய சொல்லை எடுங்கள். நான்கு சொல் எடுத்தால் ஆயிரம் கணினிகளுக்கும் நூறு ஆண்டுக்கு மேல் வேலை. ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அது 7776 மடங்காகும். பகடைதான் பொறுக்க வேண்டும், நீங்கள் பொறுக்கக் கூடாது. பிடித்த பாட்டின் வரியோ திருக்குறளோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் வேண்டாம், அவை திருடர்களின் பட்டியலிலும் இருக்கும்.

சில்லின் எண்ணும் திறமையைச் சாவிக்கும் கொடுக்கலாம். தம்ப் டிரைவ் போன்ற சிறு கருவிக்குள் சாவியை வைத்து, தொட்டால்தான் கையொப்பமிடும்படி செய்யும் வசதி 2020 முதல் ஓபன்எஸ்எஸ்எச்சில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை இதுவே நல்ல ஏற்பாடு. இதுவும் பிசகலாம். கூலிமில் மின்திறன் சில்லுகளுக்கான ஆலை வைத்திருக்கும் அதே இன்பினியோன் நிறுவனம், பாதுகாப்புச் சில்லுகளையும் வடிவமைக்கிறது. அவற்றில் சில உருவாக்கிய சாவிகள் ஊகிக்கக்கூடியவையாக இருப்பதை 2017-ல் செக் நாட்டு மாசரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எஸ்டோனியா நாடு ஏறத்தாழ 7,60,000 அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. சாவியே பலவீனமாக இருந்தால் கடவுத்தொடர் உதவாது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கதி. அவசரத்தில், கணினி கேட்பதற்கு முன்பே கடவுத்தொடரைத் தட்டிவிடுவது எல்லாருக்கும் நேர்வது. அது சாதாரணக் கட்டளை வரியில் எழுத்து எழுத்தாகத் தெரியும், கட்டளை வரலாற்றுக் கோப்பிலும் பதிந்துவிடும். உடனே கடவுத்தொடரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பீர்கள். போதாது. மாறியது கோப்பின் பூட்டுத்தான், உள்ளே இருக்கும் சாவி பழையதே. யாராவது முன்பே கோப்பைப் படி எடுத்திருந்தால் அந்தப் படி பழைய கடவுத்தொடருக்கு இன்றும் திறக்கும். வட்டுக் குறியாக்கத்திலும் இதே கதைதான். எனவே முதலில் வரலாற்றுக் கோப்பிலிருந்து அந்த வரியை அழியுங்கள். பிறகு புதிய சாவி இணையை உருவாக்கி, அதன் பொதுச் சாவியைச் சர்வர்களில் சேருங்கள். புதியதைக் கொண்டு உள்ளே போக முடிகிறதா என்று இன்னொரு சாளரத்தில் பார்த்துக்கொண்டபின், பழைய பொதுச் சாவியை ஒவ்வொரு சர்வரிலிருந்தும் நீக்குங்கள். வரிசையை மாற்றி முதலில் நீக்கிவிட்டால், உங்கள் சர்வருக்கு வெளியே நீங்களே நிற்க வேண்டியதாகிவிடும்.